கப்பலின் கொடியும் மலையகத்தின் பிரசாவுரிமையும்

அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் மலைச்சரிவுகளிற் பறிக்கப்படும் கொழுந்து, ஆலையில் வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, புளிக்கவைக்கப்பட்டு, உலர்ந்து தேயிலையானபின் கொழும்புத் துறைமுகத்தை நோக்கிப் புறப்படுகின்றது. இவ்வழி இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 1867 ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1873 ஆம் ஆண்டு அவருடைய தேயிலை 23 இறாத்தல் இலண்டனுக்குக் கப்பலேறியது. 1884 இல் புகையிரதப் பாதை அட்டனையும், மறு ஆண்டில் நானுஓயாவையும் எட்டியது. அன்றுதொட்டு மலையின் விளைவு கடலின் வழியே உலகத்தைச் சேர்கின்றது.

தேயிலைப் பொதியின்மீது தோட்டத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைத் தோட்டத்து மக்கள் அறிவர். அப்பொதியைச் சுமந்து செல்லும் கப்பலின் பின்புறத்திலும் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். கப்பலின் பெயருக்குக் கீழே ஓர் ஊரின் பெயரும் காணப்படும். மொன்றோவியா, பனாமா, மஜுரோ, வலெற்றா, சிங்கப்பூர் என அவ்வூர் எதுவாகவும் இருக்கலாம். விந்தை யாதெனில், தன் முதுகிலே எழுதியுள்ள அவ்வூரை ஒருமுறையேனும் கண்டிராத கப்பல்கள் உலகில் ஏராளம். எனினும் அதுவே அக்கப்பலின் ஊர். அவ்வூர் எந்த நாட்டிலுள்ளதோ அந்த நாட்டின் கொடியே அக்கப்பலின் கொடி. கப்பல் பிறந்த இடத்தையோ, அதன் உரிமையாளர் வாழும் இடத்தையோ அந்தப் பெயர் குறிப்பதில்லை. அது பதியப்பட்ட இடத்தையே குறிக்கின்றது.

உயிரில்லாத இரும்புக் கூட்டுக்கு ஒரு நாடு எதற்கு என்று கேட்கலாம். நிலத்திலே ஒவ்வோர் அடிக்கும் ஓர் அரசு உண்டு. ஒரு குற்றம் நிகழ்ந்தால் எந்த நீதிமன்றத்துக்குச் செல்வது என்பது தெரியும். பெருங்கடலோ எவருக்கும் உரியதன்று. அங்கே மாலுமிக்குச் சம்பளம் மறுக்கப்பட்டாலும், கப்பலுக்குள் கொலை நிகழ்ந்தாலும், இரு கப்பல்கள் மோதினாலும் எந்தச் சட்டத்தின்படி விசாரிப்பது? இந்தக் கேள்விக்கு விடையாகவே கொடி தோன்றியது. பெருங்கடலிற் செல்லும் கப்பலின்மீது அது பதியப்பட்ட நாட்டின் சட்டமே ஆட்சி செய்கின்றது. 1982 ஆம் ஆண்டு நிறைவேறிய ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயத்தின் 91 ஆம் உறுப்புரை, கப்பல்களுக்குத் தன் நாட்டுரிமையை எந்த நிபந்தனைகளின்மேல் வழங்குவதென்பதை ஒவ்வோர் அரசும் தானே வகுத்துக்கொள்ள வேண்டுமெனக் கூறுகின்றது. அச்சமவாயத்தை ஆக்கிய மகாநாட்டுக்கு 1973 ஆம் ஆண்டு முதல் 1980 ஆம் ஆண்டு காலமாகும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க என்பது இந்நாட்டவர் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி.

கடலே இல்லாத நாடும் கப்பலுக்குக் கொடி வழங்கலாம். 1921 ஆம் ஆண்டு பார்சலோனாவில் வெளியிடப்பட்ட பிரகடனம் இவ்வுரிமையை ஏற்றுக்கொண்டது. நாற்புறமும் நிலத்தாற் சூழப்பட்ட சுவிற்சர்லாந்து 1941 ஆம் ஆண்டு தன் கொடியைக் கடலுக்கு அனுப்பியது. சுவிஸ் கப்பல்களின் பின்புறத்தில் எழுதப்படும் ஊர், ரைன் நதிக்கரையிலுள்ள பாசல் நகரம். ஆகவே கொடியைத் தருவது கடற்கரையன்று; பொறுப்பேற்க முன்வரும் அரசும், அந்த அரசு பேணும் பதிவேடுமே கொடியைத் தருகின்றன.

ஒரு கப்பல் பதியப்படும் முறையை நோக்கினால், சட்டம் எவ்வளவு நுணுக்கமாக அதனை அறிந்துகொள்ள முற்படுகின்றது என்பது புலனாகும். கப்பலைக் கட்டியவரின் அத்தாட்சிப் பத்திரம், அது கைமாறியிருந்தால் விற்பனைச் சாசனம், உரிமையாளரின் நாட்டுரிமை பற்றிய பிரகடனம் ஆகியவை முதலிற் சமர்ப்பிக்கப்படல் வேண்டும். அளவையாளர் நேரிற் சென்று கப்பலின் நீளம், அகலம், ஆழம், உட்கொள்ளளவு ஆகியவற்றை அளந்து சான்றளிப்பார். அதன்பின் அதற்கு ஓர் உத்தியோக இலக்கம் வழங்கப்படும். பழைய பிரித்தானிய வழக்கின்படி அவ்விலக்கம் கப்பலின் முதன்மை உத்திரத்திலே அழியாவண்ணம் வெட்டப்படும். பெயர் முன்புறத்தின் இரு பக்கங்களிலும், பெயரும் ஊரும் பின்புறத்திலும் எழுதப்படும். இவை யாவும் நிறைவேறிய பின்னரே பதிவாளர் இடாப்பிலே அதன் பெயரைப் பதிந்து சான்றிதழ் வழங்குவார். இலங்கையில் இவ்வேலை 1971 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்க வணிகக் கப்பற்றுறைச் சட்டத்தின்கீழ் நடைபெறுகின்றது. இலங்கைக் கப்பற் கூட்டுத்தாபனம், 2016 ஆம் ஆண்டு சீனாவிலே கட்டப்பட்ட ‘சிலோன் பிரீஸ்’, ‘சிலோன் பிரின்சஸ்’ என்னும் இரு பெருங்கப்பல்களைப் பெற்றுக்கொண்டது.

இவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் ஏழு இலக்கங்களைக் கொண்ட சர்வதேச அடையாள எண் ஒன்று உண்டு. 1987 ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட இம்முறை 1996 ஆம் ஆண்டு கட்டாயமாயிற்று. கப்பலின் பெயர் மாறலாம், உரிமையாளர் மாறலாம், கொடியும் மாறலாம். அந்த எண் மட்டும் அது கட்டப்பட்ட நாள் தொடக்கம் உடைக்கப்படும் நாள்வரை மாறுவதில்லை.

பதிவைப் போலவே பதிவுநீக்கத்துக்கும் ஒழுங்கு உண்டு. கப்பல் மூழ்கினாலும், பகைவர் கையில் அகப்பட்டாலும், உடைக்கப்பட்டாலும், வேற்று நாட்டவருக்கு விற்கப்பட்டாலும் அதன் பெயர் இடாப்பிலிருந்து நீக்கப்படும். உயிரோடிருக்கும் கப்பல் ஒரு கொடியை விட்டு மற்றொரு கொடிக்கு மாறும்போது, பழைய பதிவாளர் நீக்கச் சான்றிதழ் ஒன்றை வழங்கல் வேண்டும். அதனைக் கண்டபின்னரே புதிய பதிவாளர் தம் இடாப்பில் நிலையான பதிவைச் செய்வார். கப்பலின்மீது ஈட்டுக்கடன் எழுதப்பட்டிருந்தால், கடன் தீர வேண்டும் அல்லது கடன்கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். அதுவரை நீக்கச் சான்றிதழ் கிடைப்பதரிது.

மலையகத்தின் பழைய வரலாற்றை அறிந்தவர்களுக்கு இம்முறை வேறொன்றை நினைவூட்டும். ஒருகாலத்தில் தோட்டத் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குச் செல்வதற்குத் ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டியிருந்தது. இன்னாரின் கடன் இவ்வளவு. அதனைச் செலுத்தினால் அவர் விடுவிக்கப்படுவார் என்று தோட்ட நிருவாகம் எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டத்தார் கடனைச் செலுத்தினால் தொழிலாளியின் பெயர் ஒரு பேரேட்டிலிருந்து மற்றொரு பேரேட்டுக்கு மாறும். 1921 ஆம் ஆண்டு இம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. கப்பலின் கடனை அதன் உரிமையாளர் சுமந்தார். துண்டின் கடனைத் தொழிலாளியின் முதுகே சுமந்தது.

அதே காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளியின் கழுத்திலே தகரச்சீட்டு ஒன்று தொங்கியது. அவர் சேரவேண்டிய தோட்டத்தைக் காட்டும் இலக்கம் அதிலே பொறிக்கப்பட்டிருந்தது. வந்து சேர்ந்தபின் அவருடைய பெயர் தோட்டத்துச் செக்றோலில் ஏறியது. காலையிலே பெரட்டுக் களத்தில் அப்பெயர் வாசிக்கப்பட்டது. எண்ணும் இருந்தது, பெயரும் இருந்தது, இடாப்பும் இருந்தது. அவ்விடாப்பு தோட்டத்தின் இடாப்பாக இருந்ததேயன்றி நாட்டின் இடாப்பாக இருக்கவில்லை. இந்த வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதை மலையகம் 1948 ஆம் ஆண்டில் அறிந்துகொண்டது.

அவ்வாண்டுக்குச் செல்லுமுன் கடற்சட்டத்தின் மற்றொரு விதியையும் குறிப்பிடுதல் வேண்டும். ஒரு கப்பல் ஒரே கொடியின்கீழ்தான் செல்லலாம். வசதிக்கேற்ப இரண்டு கொடிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கப்பல், கொடியே இல்லாத கப்பலாகக் கருதப்படும். கொடியில்லாக் கப்பலுக்காகப் பேச எந்த அரசும் முன்வராது. பெருங்கடலில் எந்நாட்டுப் போர்க்கப்பலும் அதனை நிறுத்தி, ஏறிச் சோதனையிடலாம். துறைமுகங்கள் அதனை ஐயத்தோடு நோக்கும்; காப்புறுதியும் கிடைப்பதரிது. ஆகையினால்தான் ஒரு பதிவுக்கும் மறு பதிவுக்கும் இடையிலே கப்பல் கொடியின்றி நிற்காதபடி தற்காலிகச் சான்றிதழ் வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. சில நாள்களேனும் கப்பல் நாடற்று நிற்கலாகாது என்பதில் உலகம் அவ்வளவு கவனமாக இருக்கின்றது.

பதிவேட்டின் பயன் இடுக்கண் நேரும்போது விளங்கும். 2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் ‘நியூ டயமண்ட்’ என்னும் எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. பனாமாவின் கொடி, கிரேக்கத் தலைவர், கிரேக்கரும் பிலிப்பைன்ஸ் நாட்டவருமான மாலுமிகள், குவைத்தில் ஏற்றிய எண்ணெய், அது சேரவேண்டிய இடம் இந்தியாவின் பரதீப் துறைமுகம். மாலுமி ஒருவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூர்க் கொடியுடைய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கொழும்புக்கருகே தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கியது. அதிலிருந்த பிளாத்திக்கு மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின, மீனவர் தொழிலிழந்தனர். 2025 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கப்பலைச் சார்ந்தோருக்குக் கட்டளையிட்டது. இத்தகைய வேளைகளில் எழும் முதற் கேள்வி, ‘இதற்குப் பொறுப்பாளி யார்?’ என்பதே. அதற்கு விடை தேடுவோர் முதலில் திறக்கும் புத்தகம் கப்பற் பதிவேடு.

இனி 1948 ஆம் ஆண்டை நோக்கலாம். கப்பல் உலகில் அது மறக்கமுடியாத ஆண்டு. அவ்வாண்டிலே ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லைபீரியா, தன் கப்பற் பதிவேட்டை உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிட்டது. அமெரிக்காவின் முன்னாள் இராசாங்கச் செயலாளர் எட்வர்ட் ஸ்ரெற்றினியஸ் இதற்குப் பின்னணியில் நின்றார். எந்நாட்டவரும் கட்டணத்தைச் செலுத்தித் தம் கப்பலை அங்கே பதியலாம். உரிமையாளர் லைபீரியர் ஆக வேண்டியதில்லை. மாலுமிகளும் ஆக வேண்டியதில்லை. பனாமா இதற்கு முன்னரே இவ்வழியிற் சென்றிருந்தது. வரி குறைவு, சம்பளக் கட்டுப்பாடு குறைவு என்பவற்றை நாடிக் கப்பல் முதலாளிகள் அங்கே திரண்டனர். இன்று உலகக் கப்பல்களின் சுமையளவைக் கணக்கிட்டால் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று கொடிகளே முன்னிற்கின்றன. இதனால் மாலுமிகளுக்கு விளையும் தீங்கை எதிர்த்துச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் தன் இயக்கத்தைத் தொடங்கியதும் அதே 1948 ஆம் ஆண்டிலேயே.

அதே ஆண்டு இலங்கை சுதந்திரம் பெற்றது. நவம்பர் 15 ஆம் நாள் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்தவர் என்பது மட்டும் ஒருவரைப் பிரசையாக்காது. அவருடைய தந்தையும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். லயன் அறைகளிலே பிறந்து, தேயிலை மலைகளிலே வளர்ந்து, அம்மண்ணிலேயே தாய் தந்தையரை அடக்கஞ் செய்த மக்களுட் பலருக்குத் தந்தையின் பிறப்பைக் காட்டும் பத்திரம் கையில் இருக்கவில்லை. மறு ஆண்டில் வந்த 48 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசையல்லாதாரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலே சேர்க்க இடந்தரவில்லை. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவாகியிருந்தார். வேறு மலையகத் தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதிகள் வென்றிருந்தனர். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஒருவரேனும் தெரிவாகவில்லை. வாக்காளர் இல்லாதபோது பிரதிநிதி எங்ஙனம் தோன்றுவார்?

மொன்றோவியா நகரத்தைக் கண்டிராத கப்பலுக்கு அந்நகரம் ஊராயிற்று. அட்டனைத் தவிர வேறோர் ஊரைக் கண்டிராத மனிதருக்கு அட்டன் ஊராகவில்லை. ஒரே காலத்தில் நிகழ்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், இடாப்பு என்பது எழுதுபவரின் விருப்பத்தை எவ்வளவு சார்ந்தது என்பது தெளிவாகும்.

இத்தகைய விருப்பத்துக்கு ஓர் எல்லை வேண்டுமென உலகம் விரைவில் உணர்ந்தது. நொட்டெபோம் என்பவர் ஜேர்மனியிற் பிறந்து 1905 ஆம் ஆண்டு முதல் குவாத்தமாலாவில் வாழ்ந்து தொழில் நடத்தியவர். 1939 ஆம் ஆண்டு லிக்டென்ஸ்டைன் என்னும் சிறுநாட்டுக்குச் சென்று குறுகிய காலத்தில் அந்நாட்டுப் பிரசாவுரிமையைப் பெற்றுத் திரும்பினார். இவ்வுரிமையைக் குவாத்தமாலா ஏற்கவேண்டுமா என்ற வழக்கிலே, 1955 ஆம் ஆண்டு சர்வதேச நீதிமன்றம் ஏற்கவேண்டியதில்லை எனத் தீர்ப்பளித்தது. நாட்டுரிமைக்கு அடிப்படை வாழ்க்கையிலும் நலன்களிலும் உணர்விலும் காணப்படும் மெய்யான பிணைப்பே என்பது அத்தீர்ப்பின் சாரம். மூன்றாண்டு கழித்து, 1958 ஆம் ஆண்டின் ஜெனீவாப் பெருங்கடற் சமவாயம் இக்கருத்தைக் கப்பலுக்கும் பொருத்தியது. கொடிக்கும் கப்பலுக்கும் இடையே மெய்யான பிணைப்பு இருத்தல் வேண்டும் என்று அது கூறிற்று. 1982 ஆம் ஆண்டுச் சமவாயமும் அச்சொல்லை அவ்வாறே வைத்துக்கொண்டது.

மெய்யான பிணைப்பு என்னும் அளவுகோலைத் தேயிலை மலைகளிலே வைத்துப் பார்த்தல் கடினமன்று. காட்டை அழித்து, பாதை வெட்டி, செடி நட்டு, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து, அந்நியச் செலாவணியை ஈட்டிக் கொடுத்த உழைப்பைவிட மெய்யான பிணைப்பு வேறு யாது? ஆனால் சட்டம் பிணைப்பைக் கேட்கவில்லை, பத்திரத்தைக் கேட்டது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வதிந்தமையை நிரூபிக்க வேண்டுமென விதித்தது. விண்ணப்பிக்கத் தரப்பட்ட காலம் 1951 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் முடிவுற்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 1,34,000 பேரே அச்சட்டத்தின்கீழ் பதியப்பட்டனர்.

எஞ்சியோரை இந்தியாவும் தன் பிரசைகளாக ஏற்கவில்லை. இரு கரைகளுக்கும் நடுவே, எந்த இடாப்பிலும் பெயரின்றி ஒரு பெருஞ் சமூகம் நின்றது. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்துகொண்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டு இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அம்மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. கப்பலின் கொடியை மாற்றுவதாயின் அதற்குக் கடன் கொடுத்தவரின் சம்மதமேனும் வேண்டும் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

அட்டனிலும் பிற மலையக நிலையங்களிலும் ஏறியோர் தலைமன்னார் சென்று, அங்கிருந்து ‘இராமானுஜம்’ என்னும் கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தனர். அவர்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டின் பட்டியலிலும் தம்பி மற்றொரு நாட்டின் பட்டியலிலும் இடம்பெற்றதுண்டு. 1984 ஆம் ஆண்டு போர்ச்சூழலில் அக்கப்பற் போக்குவரத்து நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் புறப்பட முடியாதவர்கள் தோட்டங்களிலேயே தங்கினர். ஒரு நாட்டின் பத்திரமும் மற்றொரு நாட்டின் வாழ்வுமாக அவர்கள் மேலும் பல்லாண்டு கழித்தனர்.

பத்திரம் பெரிதா, உண்மை பெரிதா என்ற வினா கப்பல்களைக் குறித்தும் எழுந்தது. ‘சைகா’ என்னும் எண்ணெய்க் கப்பல் 1997 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் செயின்ற் வின்சென்ற் நாட்டிலே தற்காலிகமாகப் பதியப்பட்டது. சான்றிதழின் காலம் செப்டெம்பரில் முடிந்தது. நிலையான சான்றிதழ் நவம்பரில் கிடைத்தது. இடையிலே, அக்டோபர் மாதத்தில், கினி நாடு அக்கப்பலைச் சிறைபிடித்தது. பிடிபட்ட நாளில் அதற்குக் கொடியே இல்லை என்று கினி வாதாடியது. 1999 ஆம் ஆண்டு சர்வதேசக் கடற்சட்ட நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தற்காலிகச் சான்றிதழின் தவணை முடிந்ததென்பதனால் மட்டும் கப்பல் நாட்டை இழந்துவிடாது. பதிவும் அந்நாட்டின் நடத்தையும் சேர்ந்து காட்டும் உண்மையை நோக்கல் வேண்டும் என்பது அதன் முடிபு.

இலங்கையும் இதனையொத்த முடிவுக்கு 2003 ஆம் ஆண்டு வந்தது. 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம் ஒரு படி முன்னேறியிருந்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பிரச்சினையை வேரிலே தொட்டது. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியினரும் பிரசைகள் என அது அறிவித்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோரும் ஒரு பிரகடனத்தின் வாயிலாகப் பிரசாவுரிமை பெற வழிசெய்யப்பட்டது. பாராளுமன்றம் அதனை ஏகமனதாக நிறைவேற்றியது. ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகத்தின் உதவியுடன் நடந்த இயக்கத்திலே சில நாள்களுக்குள் ஏறத்தாழ 1,90,000 பேர் பயன்பெற்றனர். அரைநூற்றாண்டு கேட்ட பத்திரங்களுக்குப் பதிலாக, வாழ்ந்த வாழ்க்கையே சான்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இத்துடன் கதை முற்றுப்பெற்றதென எண்ணலாகாது. கடற்சட்டத்தின் 94 ஆம் உறுப்புரை, பெயரைப் பதிவதோடு கொடிநாட்டின் கடமை தீர்ந்துவிடாது என்கிறது. கப்பல் கடலுக்குத் தகுதியானதா, மாலுமிகள் பயிற்சி பெற்றவர்களா, அவர்களின் தொழில் நிலைமை ஒழுங்கானதா என்பவற்றை அந்நாடு உண்மையாகவே கவனித்தல் வேண்டும். கொடியைக் கொடுத்துக் கட்டணம் வாங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் நாட்டின் கப்பல்களை மற்ற நாடுகளின் துறைமுக அதிகாரிகள் நிறுத்திச் சோதிக்கின்றனர்.

மக்களின் இடாப்புக்கும் இது பொருந்தும். பிரசாவுரிமை கிடைத்தபின்னும், லயன்களில் வாழும் பல குடும்பங்களுக்கு வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கொண்ட முகவரி அமையவில்லை. தோட்டத்தின் பெயரே முகவரியாக இருக்க, கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்தன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கைக்கு வந்ததால் வாய்ப்பிழந்த இளைஞரின் கதை மலையகத்திற் புதிதன்று. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தம் நிதியிலிருந்து பணிசெய்வதற்கிருந்த தடை 2018 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தாலேயே நீங்கியது. அதே ஆண்டு பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை சட்டத்தினால் அமைக்கப்பட்டது. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் பெற்ற குடும்பங்கள் உள்ளன. லயன் அறையிலேயே காத்திருப்போர் அவர்களினும் பலர். காணியின் உறுதிப்பத்திரமும் வீட்டின் முகவரியும், நாட்டின் இடாப்பிலே ஏறிய பெயருக்கு உயிர் கொடுப்பவை.

ஆதலால் பதிவு என்னும் காரியத்தை மலையகத்துப் பெற்றோர் அற்பமாக எண்ணலாகாது. குழந்தை பிறந்ததும் பிறப்பைப் பதிந்து, பெயரிலும் பிறந்த தேதியிலும் பிழையில்லாமற் சான்றிதழ் பெறுதல் வேண்டும். பாடசாலையின் முதலாம் வகுப்புக்கும், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குரிய தேசிய அடையாள அட்டைக்கும் அச்சான்றிதழே அடிப்படை. திருமணப் பதிவு, வாக்காளர் இடாப்பு, ஊழியர் சேமலாப நிதிப் பத்திரம் ஆகியவற்றில் ஒரே பெயர் ஒரே எழுத்தில் அமைந்திருக்கின்றதா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்துக்கொள்ளல் நன்று. பாட்டனிடம் இல்லாத ஒரு தாளுக்காகப் பேரன் வருந்திய காலத்தை இச்சமூகம் கண்டிருக்கின்றது.

அரசுக்கும் ஒரு பாடம் உண்டு. இரும்பாலாகிய கப்பல் ஒருநாளேனும் கொடியின்றி நிற்கலாகாது என்பதற்காகத் தற்காலிகச் சான்றிதழையும் நீக்கச் சான்றிதழையும் ஏழிலக்க எண்ணையும் உலகம் வகுத்து வைத்திருக்கின்றது. அக்கப்பல் சுமந்து செல்லும் தேயிலையைப் பறித்த கைகள் ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருந்தன. இடாப்பைப் பேணும் அதிகாரி எவராயினும், ஒரு பெயரைச் சேர்க்க மறுக்குமுன் அல்லது நீக்குமுன், அந்தப் பெயருக்குரியவர் அதன்பின் எங்கே நிற்பார் என்ற கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்வாராக.